வங்கியில் நான் மாற்றிச் சொன்ன கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி அவர்களே,

இதனை வாசிக்கப் போகிறவர் யார் என்பது எனக்குத் தெரியாது. யாராயினும் முதலில் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை மட்டுமே படித்தவன் நான். அதற்கு மேற்பட்ட எழுத்தை நானாகப் பழகிக்கொண்டேன். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையிலுள்ள ஒரு தோட்டத்தில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடைப் பகுதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தேன். வேலை நேரம் போக மீதி நேரத்தில் லயத்துச் சனங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, மனுக்களும் படிவங்களும் எழுதிக்கொடுத்தேன். சம்பளம் வாங்கிய முதல் வேலையை விட, சம்பளமில்லாத இந்த இரண்டாவது வேலையைப் பற்றியே நான் அதிகம் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமைக்கு நான் தகுதியானவன் அல்லன் என்பதை எழுதி வைக்கவே இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

படிவம் எழுதுவதில் எனக்கு ஒரு நெறி இருந்தது. விரல் அடையாளம் வைக்க வருகிறவருக்கு, வைப்பதற்கு முன் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டுவேன். ஒரு தடவை உள்ளபடியே. மறுதடவை எங்கள் பேச்சில். சிலர் சலித்துக்கொள்வார்கள். கீழ் லயத்து மூதாட்டி ஒருவர், "ஒருக்கா வாசிச்சதுக்கே தல சுத்துதுப்பா. நீ என்னா, என் சொத்தையா எழுதி வாங்கப் போற? இருக்கிறது ஒரு சருவச்சட்டிதான்" என்றார். சருவச்சட்டியாக இருந்தாலும் கேட்டுவிட்டு வையுங்கள் என்று சொல்லி, மறுபடியும் வாசித்த பிறகே மைப்பெட்டியைத் திறந்தேன். இது தோட்டம் முழுவதும் தெரிந்த கதை. என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல நினைப்பவர்கள் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

என் மனைவி பதினாறு வயதில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனவள். எழுத்து அறியாதவள். கணக்கு அறியாதவள் என்று மட்டும் சொல்ல முடியாது. எந்த மலையில் எந்த நாளில் எத்தனை கிலோ எடுத்தாள் என்பதை ஒரு மாதத்திற்கு மனத்தில் வைத்திருப்பாள். ஆனால் அவள் சம்பளத்தை அவள் வாங்கியதில்லை. சம்பள நாளில் பெண்கள் மலையில் நிற்பார்கள். மத்தியானத்தோடு வேலை முடிந்த ஆண்கள் ஆபீசு வாசலில் வரிசையாக நின்று, மனைவியின் பெயர் கூப்பிடப்படும்போது கையெழுத்து வைத்து வாங்குவோம். அது அந்நாளில் எங்கள் தோட்டத்து வழக்கம். அதில் பிழை இருப்பதாக ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. மனுவில் நியாயம் எழுதுகிற நான் நினைத்திருக்க வேண்டும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிப் பணம் ஆண்களுக்கு ஐம்பத்தைந்து வயதிலும் பெண்களுக்கு ஐம்பது வயதிலும் கிடைக்கும் என்பதை, ஒரு படிவம் நிரப்பும்போது நானே அவளுக்குச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அவளுக்கு ஐம்பது என்பது ஓர் ஊரின் பெயரைப் போல ஆகிவிட்டது. "அம்பது வரட்டும், காலையில பெரட்டுக்குக் கூப்பிட்டா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்" என்பாள். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம். மழையோ பனியோ, அங்கே போய் நிற்க வேண்டும். "படுத்துக்கிட்டு என்னா செய்வ?" என்று நான் கேட்டால், "ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். ஒரு வருசம் ஒண்ணுமே செய்யாம இருக்கணும். அப்புறமா ஒரு மாடு வாங்கலாமான்னு ரோசிப்பேன்" என்பாள். அவளுக்கு அப்போதே வலது முழங்கால் இறங்குபாதையில் மடங்காமல் நிற்கத் தொடங்கியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு நாற்பத்தாறு வயதும் அவளுக்கு நாற்பத்திரண்டு வயதும் ஆனபோது, எங்கள் லயத்தில் ஒரு காரியம் நடந்தது. கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறை வீட்டில், இருந்த தம்பதியர் இருவரும் ஓய்வுபெற்றார்கள். பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நின்றார்கள். குடும்பத்தில் ஒருவரும் தோட்டப் பதிவில் இல்லை என்பதால், காம்பராவைப் புதுக் குடும்பத்திற்கு விட வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. அவர்களுக்காக மனு எழுதியவன் நான். மனுவுக்குப் பதில் மரியாதையாகவே வந்தது. ஆனால் காம்பரா போய்விட்டது. அவர்கள் அம்மிக் கல்லை எடுத்துக்கொண்டு போக முடியாமல் எங்கள் வாசலில் விட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயங்கள். ஒன்று, சொந்தமாக ஒரு கூரை இல்லாமல் முதுமை வந்துவிடுமோ என்பது. மற்றொன்று, கூரைக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, முதுமையில் சோற்றுக்கு மகன் கையைப் பார்க்க நேருமோ என்பது. முதல் பயத்தை மனைவியிடம் சொன்னேன். இரண்டாவதை எனக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த வேளையில் பதுளை கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், தோட்ட எல்லைக்குக் கீழே தமக்கிருந்த காணியைப் பத்துப் பத்துப் பேர்ச் அளவுள்ள வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கினார். நாங்கள் அவரை நானா என்றே அழைப்போம். நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம்.

"நல்ல காணி. மேலால ஊத்து ஈக்கிது, தண்ணிக்குப் பயமில்ல" என்றார் நானா. "மூணுல ஒரு பங்கு முன்னுக்குத் தாங்கொ. மத்தத மாசா மாசம் தாங்கொ. ஒங்களுக்குன்டு செல்லித்தான் இந்த வெல."

"எல்லாருக்கும் இதே வெலதானாம் நானா, கீழ கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள் என் மனைவி.

நானா சிரித்துவிட்டார். "அப்ப எல்லாரும் நம்மட ஆக்கள்தான் தங்கச்சி" என்றார்.

அவள் காணியின் குறுக்கே நடந்து, ஓரிடத்தில் நின்று, "இங்க அடுப்படி" என்றாள். அந்த இடத்தில்தான் இப்போதும் எங்கள் அடுப்படி இருக்கிறது.

முற்பணத்திற்கு எங்களிடம் பணம் இல்லை. சேமலாப நிதியிலுள்ள பணத்தைப் பிணையாகக் காட்டினால் வீட்டுக்காக வங்கி கடன் தரும் என்ற ஏற்பாடு இருந்தது. மாதத் தவணை ஒழுங்காகக் கட்டினால் நிதிப் பணத்திற்கு ஒன்றும் ஆகாது. கட்டத் தவறினால், நிலுவையையும் வட்டியையும் அந்தப் பணத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். என் பெயரிலும் பணம் இருந்தது, அவள் பெயரிலும் இருந்தது. என்னுடையது சற்று அதிகம். இரண்டில் எதைப் பிணையாக வைப்பது என்பதே கேள்வி.

மூன்று நாள் யோசித்தேன். ஸ்டோரில் சல்லடை ஆடும் சத்தத்தில் நின்றுகொண்டு எனக்கு நானே நியாயம் சொன்னேன். வீடு அவசியம். முதுமைக்குப் பணமும் அவசியம். ஒருவருடையது வீட்டுக்குப் போனால் மற்றவருடையது முதுமைக்கு நிற்கும். நான் ஆண், எனக்குப் பின்னும் குடும்பப் பொறுப்பு என்னுடையதே, ஆகையால் என்னுடையதே நிற்க வேண்டும். இந்த நியாயத்தில் ஒரு மனுவுக்குரிய ஒழுங்கெல்லாம் இருந்தது. அவளுடைய ஐம்பது மட்டும் அதில் எங்கும் எழுதப்படவில்லை.

படிவத்தை நிரப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டேன்.

"என்னா காயிதம்?" என்றாள்.

"வீட்டுக் காயிதம்."

ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டினாள். நான் வாசித்துக் காட்டவில்லை. இரண்டு தடவை அல்ல, ஒரு தடவையும் இல்லை. அவள் கேட்கவுமில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறவன் தன் மனைவிக்கு வாசிக்காமல் விடுவானா என்று அவள் எண்ணியிருக்கலாம்.

இத்தோடு நின்றிருந்தால் அசட்டை என்றாவது சொல்லிக்கொள்ள முடியும். அடுத்த மாதம் பதுளையில் வங்கிக்கு இருவரும் போனோம். அங்கிருந்த அதிகாரி சிங்களவர், இளைஞர், பொறுமையானவர். என் மனைவிக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அவர் அவளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கேட்டார். இந்தப் பணம் உங்களுடைய வயதான காலத்திற்குரியது. கடன் தவறினால் நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வோம். இது உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்டார். பிறகு, அதை அவளுக்குத் தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார்.

நான் அவள் பக்கம் திரும்பி, "வீடு கட்டுறதுல ஒனக்குச் சம்மதமான்னு கேக்குறாரு" என்றேன்.

"சம்மதம் இல்லாமயா இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டு வந்தேன்?" என்றாள் அவள்.

அதிகாரியிடம், அவளுக்கு விளங்குகிறது என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையசைத்து, அவள் விரலைப் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் பல. அவற்றுள் இரண்டு மொழிகளில் ஒரே மூச்சில் சொன்னது இது ஒன்றே.

கடன் அவள் பெயரில். காணி என் பெயரில். கணவன் பெயரில் காணி இருக்க விதியில் இடமிருந்தது. இரண்டு அறை, தகரக் கூரை, சிமெந்துத் தரை. கல்லும் மணலும் நாங்களே சுமந்தோம். மலையிலிருந்து வந்ததும் அவள் ஆற்றுமணலைத் தலையில் எடுத்து மூன்று நடை போடுவாள். வீடு முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பால் காய்ச்சிய அன்று லயத்துச் சனங்கள் எல்லாரும் வந்தார்கள். எங்கள் கணக்கப்பிள்ளை, எல்லாருக்கும் கேட்கும்படி, "படிச்சவன் படிச்சவன்தாம்ப்பா. காயிதத்தாலயே வீடு கட்டிட்டான்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அவள் உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இனிச் சொல்லப்போவது இதனிலும் மோசமானது.

கடனை ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தால் அவளுடைய பணம் முழுமையாகத் திரும்பியிருக்கும். அதற்கு வழி இருந்தது. ஆனால் வீடு கட்டத் தொடங்கிய காலத்திலேயே நான் பதுளையில் என் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் திறந்திருந்தேன். முதுமைக்கென்று மாதம் ஒரு தொகை அதில் போட வேண்டும் என்பது என் தீர்மானம். நானாவுக்குத் தவணை கட்டாவிட்டால் காணி போய்விடும். ஆகையால் அது தவறவில்லை. என் சேமிப்பும் தவறவில்லை. வங்கிக் கடன் தவணை மட்டும் தவறியது. முதலில் தீபாவளி மாதத்தில் ஒன்று. பிறகு மகள் பெரியவளான மாதத்தில் ஒன்று. பிறகு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டோரில் உடன் வேலை செய்தவர் ஒருவர், "அது ஒன் கையில இருந்தா போவுது? ஈ.பி.எஃப்.ல தானா கழிச்சுக்குவான். நீ எதுக்குக் கெடந்து அடிச்சுக்கிற?" என்றார். எனக்கு வேண்டிய சொல் அது. நினைவூட்டல் கடிதங்கள் அவள் பெயருக்கு வந்தன. கடிதங்களை வாசிக்கிறவன் நான்.

"என்னா கடதாசி?" என்பாள்.

"வங்கியில இருந்து. கணக்கு அனுப்பியிருக்கான்" என்பேன்.

சம்பள நாளில் இரண்டு சம்பளத்தையும் நான் வாங்கி வருவேன் என்று சொன்னேன் அல்லவா? என் சேமிப்புப் புத்தகத்தில் ஏறிய பணத்தில் பாதி அவள் பறித்த கொழுந்தின் பணம். அதாவது, அவளுடைய உழைப்பை எடுத்து என் முதுமைக்குப் போட்டுவிட்டு, அவளுடைய முதுமையை வங்கி தின்ன விட்டிருந்தேன். அந்நாட்களில் நான் இதை இவ்வாறு பார்க்கவில்லை. நம்முடைய முதுமை என்றே எனக்குள் சொல்லிக்கொண்டேன். புத்தகத்தில் ஒரு பெயர் மட்டுமே இருந்தது என்பதைப் பெரிதாக எண்ணவில்லை.

அவளுக்கு ஐம்பது வந்தது. மலையில் பெண்கள் அவளைக் கேலி செய்ததை அவளே வந்து சொன்னாள்.

"என்னா மதினி, அம்பதாச்சே, தொரைகிட்ட சொல்லி மால போடச் சொல்லவா?" என்றாளாம் ஒருத்தி.

"மால என்னத்துக்குடி? ரெண்டு முழங்கால் குடுங்க, போதும்" என்றாளாம் இவள்.

"காசு வந்ததும் எங்களையெல்லாம் மறந்துருவா பாரு" என்றாளாம் இன்னொருத்தி.

"மறக்க மாட்டேன். நீங்க பெரட்டுக்கு ஓடுறப்ப வாசல்ல நின்னு பாத்துச் சிரிப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் நெடுநேரம் சிரித்தாள். நான் சேர்ந்து சிரித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். அவளிடம் உண்மையைச் சொல்ல அந்த மாலை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பயன்படுத்தவில்லை. நிலுவை எவ்வளவு என்று எனக்கே சரியாகத் தெரியாது. சிறிதாக இருக்கக்கூடும் என்று நம்பிக்கொண்டேன்.

பதிவிலிருந்து பெயரை வெட்டுவதற்கு முன், பணம் எவ்வளவு வரும் என்று பதுளையில் தொழில் காரியாலயத்தில் கேட்டுவிடலாம் என்று போனோம். அவள் கல்யாணத்திற்குப் போவதைப் போலப் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அங்கிருந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துத் தமிழர், தலை நரைத்தவர். கோப்பை எடுத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, வீட்டுக் கடனுக்கு இந்தக் காசைப் பொறுப்பு வைச்சிருக்கிறியள். கன தவணை கட்டுப்படேல்லை. வங்கி தன்ரை பங்கைக் கேட்டிருக்கு. அதைக் கழிச்சால் மிச்சம் பெரிசா ஒண்டுமில்லை. சேவைக்காலப் பணம் தோட்டத்தாலை வரும், ஆனால் அதை மட்டும் நம்பி நீங்கள் இப்ப வேலையாலை நிக்கிறது சரிவராது" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல என்னைப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த கோப்பைப் பார்த்தேன்.

உத்தியோகத்தர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். "இந்தக் கைநாட்டு உங்கடைதானே?"

"என் கைதாங்க."

"வைக்க முன்னம் உங்களுக்கு இதை வாசிச்சுக் காட்டினவையோ? உண்மையைச் சொல்லுங்கோ. ஏமாத்திப்போட்டினம் எண்டால் எழுதித் தரலாம், விசாரிப்பம்."

அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்டார். தோட்டம் முழுவதற்கும் மனு எழுதியவனுக்கு எதிராக ஒரு மனு எழுத அவளுக்கு இடம் கொடுக்கப்பட்டது.

"வாசிச்சுக் காட்டுனாருங்க" என்றாள் என் மனைவி. "ரெண்டு தடவ வாசிச்சாரு. எல்லாருக்கும் அப்படித்தான் வாசிப்பாரு. எனக்குத்தான் மறந்து போச்சு."

நான் மறுக்கவில்லை. அவள் சொன்ன பொய்யின் நிழலில் எழுந்து நின்று, உத்தியோகத்தருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிலையத்துக்கு வந்தோம். ஒரு தேநீர் வாங்கட்டுமா என்று கேட்டேன். "சில்லறைய வச்சுக்குங்க, பஸ்ஸுக்கு வேணும்" என்றாள். வீட்டுக்கு வந்து பச்சைச் சேலையை மடித்து வைத்தாள். மறுநாள் காலை நான் கண் விழித்தபோது பாய் சுருட்டப்பட்டிருந்தது. கொழுந்துக் கூடையும் ஆணியில் இல்லை. பெண்கள் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை. அதுவரையில் மலையில் நடந்த பேச்சையெல்லாம் வந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அதன்பின் சொல்வதில்லை.

ஐயா, அம்மணி, என்னுடைய சேமிப்புப் புத்தகத்தில் அன்று இருந்த பணத்தைக் கொண்டு அவளை அந்த மாதமே வீட்டில் இருக்க வைத்திருக்கலாம். நான் செய்யவில்லை. ஏன் என்று பலமுறை என்னைக் கேட்டிருக்கிறேன். வட்டி நன்றாக ஏறிக்கொண்டிருந்தது; இடையில் உடைத்தால் நட்டம்; என்னுடைய ஐம்பத்தைந்து இன்னும் வரவில்லை; வந்ததும் சேர்த்துச் செய்துவிடலாம். இவையே எனக்குக் கிடைத்த விடைகள். பணத்தை முதுமைக்கென்று ஒதுக்கப் பழகியவனுக்கு முதுமை எப்போதும் அடுத்த ஆண்டில்தான் இருக்கும் போலும். அடுத்த அறையில் ஒருத்தி இரவில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது எனக்கு முதுமையாகத் தெரியவில்லை.

எனக்கு ஐம்பத்தைந்து ஆனது. என் சேமலாப நிதிப் பணம் ஒரு சதமும் குறையாமல் வந்தது; அதை இன்னொரு வங்கிப் புத்தகத்தில் போட்டேன். இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது ஒன்னோட காசு. நாளையில இருந்து வேலைக்குப் போகாத" என்றேன்.

"என்னோடதா? என் பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள். எழுத்து அறியாதவள் கேட்ட கேள்வி இது.

"எடுத்து வைங்க. ஒங்க வயசான காலத்துக்குன்னு சேத்தது" என்றாள். பிறகு முறத்தைத் தட்டிக்கொண்டே, மிகச் சாதாரணமாக, "அன்னைக்கு அந்த வங்கி ஐயா வயசுன்னு என்னமோ கேட்டாரு. அது எனக்கு வெளங்குச்சு. நீங்க வீடுன்னு சொன்னீங்க. சரி, நீங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றாள்.

ஒன்பது ஆண்டுகளாக நான் அவள் அறியாமையின் மேல் நின்றதாக எண்ணிக்கொண்டிருந்தேன். நான் நின்றது அவள் நம்பிக்கையின் மேல். அறியாதவரை ஏமாற்றியவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். எனக்கு இல்லை.

அதன்பிறகும் அவள் வேலைக்குப் போனாள். பிடிவாதமா, கோபமா, மகள் கல்யாணத்திற்காகவா என்று என்னால் சொல்ல முடியாது. சம்பளத்தை மட்டும் தானே வாங்கினாள். சம்பள நாளில் மலையிலிருந்து நேரே ஆபீசுக்கு வந்து, ஆண்களின் வரிசையில் கூடையோடு நிற்பாள். "என்னா மதினி, அண்ணன் எங்க, படுத்துட்டாரா?" என்று ஒருவன் கேட்டானாம். "அவருக்கு வயசாயிருச்சு. அவரு காசுலயே இருக்காரு. நான் என் காசுல இருக்கேன்" என்றாளாம். இதை அவள் சொல்லவில்லை, மகன் வந்து சொன்னான், பெருமையாகத்தான் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் இருவரும் இந்த வீட்டை அப்பாவின் மூளை கட்டிய வீடு என்றே நம்பி வளர்ந்தார்கள்.

ஐம்பத்தெட்டாவது வயதில், ஈரமான இறக்கத்தில் அவள் முழங்கால் முற்றாக விட்டுக்கொடுத்தது. பதுளை ஆஸ்பத்திரி வைத்தியர் இனிமேல் மலை ஏறக்கூடாது என்றார். அப்போதுதான் அவள் பெயர் பதிவிலிருந்து வெட்டப்பட்டது. இடையில் போன எட்டு ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்கிற கணக்கு என்னிடம் இல்லை. நடக்க முடிகிற காலோடு அவள் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. இப்போது அவள் ஒன்றும் செய்யாமல்தான் இருக்கிறாள். அது ஓய்வு அல்ல.

ஒரு காரியமாவது செய்ய வேண்டும் என்று, காணியையும் வீட்டையும் அவள் பெயருக்கு மாற்றத் தீர்மானித்தேன். பதுளையில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போனோம். முஸ்லிம் பெண்மணி, வயது குறைந்தவர். உறுதிப் பத்திரத்தை எழுதி முடித்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கணவனாகிய நான், என் மனைவிமீது கொண்ட அன்பின் நிமித்தமும் பாசத்தின் நிமித்தமும், மேற்படி ஆதனத்தை அவளுக்கு நன்கொடையாக வழங்குவதாக அதில் இருந்தது.

"அம்மணி, இது சரியல்ல. நான் கொடுப்பதாக இருக்கிறது. இது அவளுடைய பணத்தில் வந்தது. அப்படி எழுத முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, நன்கொட உறுதின்டா இப்பிடித்தான் எழுதுற. காசுக்குன்டு எழுதினா அது விலை உறுதி. இவங்க ஒங்களுக்குக் காசு தந்தாங்களா? கையில தந்ததுக்கு எழுத்து ஈக்கா?"

என்னிடம் எழுத்து இல்லை. எழுத்தெல்லாம் எழுதியவன் நான். அந்த ஒன்றை மட்டும் எழுதி வைக்கவில்லை.

"அன்புன்னே இருக்கட்டுங்க அம்மா" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி. "அது ஒண்ணுக்குத்தான் வட்டி கேக்க மாட்டாங்க."

நொத்தாரிசு அம்மணி மறுபடியும் சிரித்தார். சாட்சிக்கு வந்த இருவரும் சிரித்தார்கள். நான் கையெழுத்து வைத்தேன். அவள் விரல் வைத்தாள். காணிப் பதிவகத்தில் அந்த உறுதி இருக்கிறது. நாளைக்கு எங்கள் பிள்ளைகளோ அவர்களுடைய பிள்ளைகளோ அதை எடுத்துப் பார்த்தால், பெருந்தன்மையுள்ள கணவன் ஒருவன் எழுத்தறியாத மனைவிக்குத் தன் வீட்டை அன்பினால் கொடுத்தான் என்றே வாசிப்பார்கள். அது பொய். அந்த வீட்டின் முற்பணம் அவளுடைய முதுமைப் பணம். அது அவளுக்குச் சொல்லப்படாமல் எடுக்கப்பட்டது. திருப்பிக் கொடுக்க வழி இருந்தும் நான் கொடுக்கவில்லை. எட்டு ஆண்டுகள் அவள் அதற்காக மலை ஏறினாள்.

உறுதியை மாற்ற என்னால் முடியாது. அதற்கு எதிராக இருக்கக்கூடிய எழுத்து இது ஒன்றுதான். இதை வாசித்து முடித்த பின் எறிந்துவிடாமல் ஓரிடத்தில் வைத்திருக்கும்படி தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.